தகரத்தைத் தட்டினால் பஸ் நிற்கும்

கும்பகோணம்–தரங்கம்பாடி பஸ்ஸில் இரண்டு காதிலும் வெள்ளை ஹெட்செட்டைச் சொருகிக்கொண்டு டிக்கெட் கொடுக்கும் கண்டக்டரின் வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கலாம். 'டூட்டி நேரத்தில் பாட்டு! பயணிகள் உயிருக்கு யார் பொறுப்பு?' என்று சிவப்பு எழுத்தில் ஓடும். பின்னணியில் சோக இசை வேறு. அதில் இருப்பவன் நான்தான். சட்டை என்னுடையது, தொப்பை என்னுடையது, காதில் இருந்ததும் ஹெட்செட்தான். பாட்டு மட்டும் கிடையாது.

இதை ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. பாதிப் பேர் நம்பவும் இல்லை. எழுதி வைத்துவிட்டால் கேட்கிறவர்களிடம் நீட்டிவிடலாம். உங்களில் யாருக்காவது திடீரென்று ஒரு நாள் காது அடைத்துப்போனால், என்னைப் போல் எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கும் இது உதவும்.

என் இடது காது பல வருஷமாகவே மந்தம். ஏர் ஹாரனும் இன்ஜின் இரைச்சலுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டன. யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வேலையில் யாரும் சொல்ல மாட்டார்கள். கண்டக்டருக்குக் காதுதான் முதல். ஒரு விசில் அடித்தால் டிரைவர் நிறுத்துவார், இரண்டு அடித்தால் எடுப்பார். அந்த விசிலை எப்போது அடிக்க வேண்டும் என்பதை எங்களுக்குச் சொல்வது பஸ்ஸின் தகரம். எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக் கூடத் தெரியும், பஸ்ஸை நிறுத்த வேண்டுமென்றால் வாயால் கத்த வேண்டாம், பக்கவாட்டுத் தகரத்தைப் படபடவென்று தட்டினால் போதும். யாரோ விழப்போகிறார்கள், யார் கையோ மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஏன் எதற்கு என்று கேட்காமல் ஒற்றை விசில் அடித்துவிட வேண்டும்.

வலது காதை வைத்துத்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் ஒரு நாள் காலையில் போயிற்று.

கண் விழித்தபோது ஃபேன் சுற்றுகிறது, சத்தம் இல்லை. கரண்ட் குறைவோ என்று நினைத்தேன். என் மனைவி மலர்க்கொடி காபியோடு வந்து நின்று வாயை அசைக்கிறாள். "காலங்காத்தால என்னடி கிண்டல்? வாயத் தொறந்து பேசு" என்று கத்தினேன். நான் கத்தியது எனக்கே எங்கோ கிணற்றடியில் கேட்டது. காதுக்குள் மட்டும் போர்செட் ஓடுவது போல ஒரே இரைச்சல். எழுந்தால் தலை கிறுகிறுவென்று சுற்றியது.

முதல் நாள் பூண்டு தட்டிப் போட்ட எண்ணெய். மறுநாள் மெடிக்கல் கடையில் கொடுத்த சொட்டு மருந்து. "அழுக்கு அடைச்சிருக்கும், ஊறி வந்துடும்" என்றார் கடைக்காரர். நானும் ஊறும் ஊறும் என்று லீவு போட்டுக் காத்திருந்தேன். அப்புறம் என் மச்சினன் ராஜா வந்தான். குத்தாலத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். போனில் எதையோ படித்துவிட்டு முகம் வெளுத்துப்போய், "மாமா, கெளம்புங்க. இப்பவே தஞ்சாவூர் போவணும்" என்று என் சட்டையை எடுத்து நீட்டினான். அவன் குரலும் கேட்கவில்லை. சட்டையைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு வாசலில் உட்கார்ந்திருப்பது ஒரு தனி வேதனை. உள்ளிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வெளியே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்குக் காது கேட்காது! ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் நாங்கள் எல்லோரும் ஒருசேர எழுந்து நிற்போம். மலர்க்கொடி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், என் பெயர் வந்ததும் ஒரு இழு இழுத்தாள்.

டாக்டர் அம்மா சின்ன வயதுக்காரர். கவட்டை போன்ற இரும்புக் கருவி ஒன்றைத் தட்டி அதிரவைத்து என் நெற்றி நடுவில் வைத்தார். எந்தக் காதில் கேட்கிறது என்று கையால் கேட்டார். அத்தனை வருஷம் மந்தமாக இருந்த இடது காதில்தான் கேட்டது. அதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

பிறகு ஆடியோகிராம். காதுக்கு எந்தச் சத்தம் எந்த அளவில் கேட்கிறது என்று வரைந்து காட்டும் சோதனை அது. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையிலுள்ள பட்டனை அமுக்கச் சொல்வார்கள். வலது காதில் தொடங்கினார்கள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதிக்கிற பெண்ணின் கை மெஷினில் அசைவது தெரிந்தது. கை அசையும்போதெல்லாம் அமுக்கினேன். இருபது வருஷம் டிக்கெட் இல்லாதவர்களைப் பிடித்தவன், அங்கே உட்கார்ந்து நானே வித்-அவுட் அடித்தேன்! அந்தப் பெண் கொஞ்ச நேரம் பார்த்தது. எழுந்து வந்து சிரித்துக்கொண்டே என் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டது. அதற்கப்புறம் நான் பட்டனை அமுக்கவே இல்லை.

டாக்டர் என் எதிரே நெருக்கமாக உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பேசினார், உதட்டைப் பார்த்தும் மலர்க்கொடியின் சைகையிலும் புரிந்துகொண்டேன். "இது அழுக்கு இல்லீங்க. உள்காதுல இருக்கிற நரம்பு திடீர்னு வேலைய நிறுத்திடுச்சு. சில பேருக்கு இப்படி ஆகும், காரணம் தெரியாது. அன்னிக்கே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். இப்பவும் முயற்சி பண்ணலாம்."

"முழுசா வந்துடுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் மலர்க்கொடியைப் பார்த்தார்.

வார்டில் சேர்த்தார்கள். மருந்து ஸ்டீராய்டு. வீங்கிப்போன நரம்பை ஆற்றுவதற்காம். அது உடம்பில் ஏறினால் சர்க்கரையும் சேர்ந்து ஏறும், அதனால் விரலைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். தலைக்குள் கட்டி ஏதும் நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கட்டி என்ற சொல்லை மலர்க்கொடி என்னிடம் சொல்லவே இல்லை. குழாய்க்குள் படுக்கவைக்கும்போது அவள் அழுவதைப் பார்த்துத்தான் ஏதோ பெரிதாக இருக்கிறது என்று விளங்கியது. கட்டி இல்லை என்று வந்த அன்று, எதிர்ப் படுக்கை நெல் வியாபாரி முதற்கொண்டு எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தாள். எனக்குச் சர்க்கரை ஏறியிருந்ததால் எனக்கு மட்டும் இல்லை.

மருந்து போதவில்லை என்று செவிப்பறை வழியாகவே உள்ளே ஊசி போட்டார்கள். வலி ஒரு நொடிதான். ஆனால் மருந்து உள்ளே இறங்கியதும் கட்டில் கப்பல் மாதிரி ஆடும். வாந்தி வரும். அசையாமல் படுத்திருக்க வேண்டும். அந்த நேரங்களில் மலர்க்கொடி என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, வாயை அகலத் திறந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை.

என் வண்டி டிரைவர் கலியபெருமாள் அண்ணன் வார ஓய்வு நாளில் ஃப்ளாஸ்க்கோடு வந்தார். எனக்குக் கேட்க வேண்டும் என்று டெப்போ ரகசியங்களையெல்லாம் தொண்டை கிழியக் கத்திச் சொன்னார். வார்டு முழுக்கச் சிரித்தது. கேட்காதவன் நான் ஒருத்தன்தான். அவர் போன பிறகு தாழ்வாரத்துக்குப் போய், தூணைப் பார்த்து நின்றுகொண்டு அழுதேன். பயந்து அழுதேன் என்றே எழுதிவிடுகிறேன், வேறு என்ன சொல்வது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது வலது காதில் கொஞ்சம் திரும்பியிருந்தது. லாரி வந்தால் கேட்கும், இடி இடித்தால் கேட்கும். மனிதர்கள் பேசினால் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கும். "ரெண்டு காதுக்கும் மெஷின் வைக்கணும்" என்றார் டாக்டர். வெளியே நல்ல மெஷின் ஒரு ஜோடி வாங்க என் பல மாதச் சம்பளம் ஆகும். அரசாங்கத்தில் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் அதற்குக் காது கேளாதவர் என்று சர்டிபிகேட் வாங்க வேண்டும்.

அந்த சர்டிபிகேட்தான் எனக்கு எமன். அது டெப்போவுக்குத் தெரிந்தால் 'அன்ஃபிட்' என்று எழுதுவார்கள். பஸ்ஸை விட்டு இறக்கிவிடுவார்கள். வேறு வேலை ஏதாவது கொடுப்பார்கள்தான், அதற்கு எத்தனை காலம் நடையாய் நடக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. மகளுக்கு நர்சிங் கடைசி வருஷம். அதைவிட, ஏறினால் நூறு பேர் "கண்டக்டர் சார்" என்று கூப்பிடும் வண்டியை விட்டு இறங்கி, செவிடன் என்ற பெயரோடு டெப்போ மூலையில் உட்காருவதை என்னால் நினைக்கவே முடியவில்லை.

ராஜாதான் வழி சொன்னான். அவன் கடையில் இருந்த வயர்லெஸ் ஹெட்செட் ஒன்றை எடுத்து வந்தான். "மாமா, இப்ப வர்றதுல காது கேக்காதவங்களுக்குன்னே ஒரு செட்டிங் இருக்கு. போன்லயே காத டெஸ்ட் பண்ணி, எது கேக்கலையோ அத மட்டும் தூக்கிக் குடுக்கும்" என்று என் காதில் சொருகிவிட்டான். சொன்னதில் பாதி காதில் சொருகிய பிறகுதான் கேட்டது.

அடுப்படியில் கடுகு பொரிந்தது. எனக்குக் கேட்டது! மலர்க்கொடியின் வளையல் கேட்டது. "என்னங்க, கேக்குதா?" என்றாள். அவள் குரல் கொஞ்சம் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போல இருந்தது. இருந்தால் என்ன? "இன்னொரு தடவ கூப்புடுடி" என்றேன். கூப்பிட்டாள். இரண்டு பேரும் அழுதோம். ராஜா கூச்சப்பட்டு வெளியே போய்விட்டான்.

மறு பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் காட்டினேன். "வீட்ல டிவி பாக்க, எதிர்ல உக்காந்து பேச, இது நல்லாவே உதவும். ஆனா ரோட்டுல, வேலையில இத நம்பி நிக்காதீங்க" என்றார். முதல் வாக்கியத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டாவதை அங்கேயே விட்டுவிட்டு டூட்டியில் சேர்ந்துவிட்டேன்.

முதல் சில வாரம் ராஜா மாதிரி இருந்தேன், மச்சினனைச் சொல்லவில்லை, அரண்மனை ராஜா. "ஒரு ஆக்கூர்", "செம்பனார்கோயில் ரெண்டு" எல்லாம் கணீரென்று கேட்டது. மதியம் சார்ஜ் இறங்கினால் டீக்கடை ஓரம் டப்பாவில் போட்டு ஏற்றிக்கொள்வேன். பார்க்கிறவர்கள் பார்வைதான் சரியில்லை. எங்கள் தெருவில் ஒரு சாவு. காதில் மாட்டியபடியே போய்விட்டேன். பெரியவர் ஒருவர், "எழவு வூட்ல என்னய்யா பாட்டு வேண்டிக்கெடக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். கழற்றிப் பையில் போட்டேன். அதற்கப்புறம் ஒப்பாரி கூடக் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸிலும் அந்தப் பேச்சு வந்தது. ஒரு பயணி பத்து ரூபாய்ச் சில்லறைச் சண்டையில் வீடியோ எடுத்தார். அது மூன்று மாவட்டம் வரைக்கும் பரவிவிட்டது. விசாரணைக்கு வரச் சொல்லி டெப்போவிலிருந்து மெமோ வந்தது.

கலியபெருமாள் அண்ணனுக்கு மட்டும் உண்மை தெரியும். டீக்கடையில் என் எதிரே நின்று சொன்னார்: "இந்தா பாரு சேகரு. பாட்டு கேட்டேன், தப்புதான், மன்னிச்சிடுங்கன்னு சொல்லிடு. ஒரு இன்கிரிமென்ட் போவும், தொலையிது. காது கேக்கலன்னு மட்டும் வாயத் தொறந்துடாத. வண்டி போயிடும்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. செவிடனாக இருப்பதைவிடத் திமிர் பிடித்தவனாக இருந்துவிட்டுப் போகலாம். விசாரணை நாள் வரை டூட்டி உண்டு. மார்கழிக் குளிர் வசதியாகப் போயிற்று, மஃப்ளரைக் காதோடு சுற்றி அதற்குள் ஹெட்செட்டை மறைத்துக்கொண்டேன்.

அஞ்சலை அம்மா எங்கள் வண்டியில் தினம் வருகிறவர். தரங்கம்பாடியில் மீன் எடுத்துக்கொண்டு, வழியில் ஊர் ஊராக இறங்கி விற்பார். பின்படிக்குப் பக்கத்தில் அலுமினிய அன்னக்கூடையை வைத்துக்கொண்டு நிற்பார். அன்றைக்குக் குத்தாலத்துக்கு முந்தின ஸ்டாப்பில் இறங்கினார். கூடையை முதலில் கீழே இறக்கிவிட்டு ஒரு காலை வைத்திருக்கிறார், சேலை முந்தானை படியின் இரும்பு நுனியில் மாட்டிக்கொண்டது. கீழே நின்றவர்கள் பார்த்துவிட்டுத் தகரத்தைத் தட்டியிருக்கிறார்கள். உள்ளே இருந்தவர்களும் தட்டியிருக்கிறார்கள்.

நான் நடுவில் கூட்டத்துக்குள் நின்றேன். என் முன்னால் இருந்தவர், "குத்தாலம் போவ எவ்ளோ நேரம் ஆவும் சார்?" என்று கேட்டார். அது எனக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்டது. தட்டியது கேட்கவில்லை. "அடுத்த ஸ்டாப்தான்" என்று சொல்லிவிட்டு இரண்டு விசில் அடித்தேன்.

வண்டி நகர்ந்தது. கலியபெருமாள் அண்ணன் கண்ணாடியில் பார்த்து பிரேக்கை மிதித்தார். அதற்குள் அந்த அம்மா விழுந்து கொஞ்ச தூரம் இழுபட்டுவிட்டார். ஓடி இறங்கினேன். ரோடெல்லாம் கிழங்கா மீன் சிதறிக் கிடந்தது. வலது மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது. பின் சக்கரத்துக்கும் அவர் தலைக்கும் நடுவில் இருந்த இடத்தை நான் பார்த்தேன். ஒரு சாண்கூட இருக்காது.

நானே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கையில் மாவுக்கட்டுப் போட்டார்கள். போலீஸில் எழுதணுமா என்று டாக்டர் கேட்டதற்கு, அந்த அம்மா "நாந்தான் சேலையப் பாக்காம எறங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், "அவ்ளோ பேரு தட்டுனாங்களே தம்பி. நீங்க பாட்டுல இருந்தீங்க போல" என்றார்.

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மலர்க்கொடியை இரும்பு பீரோ பக்கம் நிற்க வைத்தேன். நான் ஹெட்செட்டோடு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "பீரோவத் தட்டுடி" என்றேன்.

"தட்டறேங்க" என்று கேட்டது.

"எங்கடி தட்டற?"

"ஐயோ, தட்டிக்கிட்டேதாங்க இருக்கேன்! கை வலிக்கிது!"

அவள் சொன்ன ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். உள்ளங்கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தாள், எனக்குக் கேட்டது எங்கோ பஞ்சு மேல் விரல் பட்ட மாதிரி ஒரு சத்தம். ராஜாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அது பேச்ச மட்டும் பொறுக்கி எடுத்துக் குடுக்கும் மாமா. பலமா வர்ற இடி, தட்டலையெல்லாம் இரைச்சல்னு அமுக்கிடும். அப்படித்தான் செட் பண்ணியிருக்கேன். உங்களுக்குப் பேச்சுதானே கேக்கலன்னு..." அவன்மேல் தப்பில்லை. அதைச் செய்தவர்களுக்கு எங்கள் பஸ் தகரத்தைப் பற்றி என்ன தெரியும்?

விசாரணை அன்று ஹெட்செட்டை மேஜைமேல் வைக்கச் சொன்னார்கள். அதுதான் சாட்சிப் பொருளாம். வெறும் காதோடு நின்றேன். கலியபெருமாள் அண்ணன் பக்கத்தில் நின்று, கண்ணாலேயே 'பாட்டுன்னு சொல்லு, பாட்டுன்னு சொல்லு' என்றார். கிளை மேலாளர் ஃபைலைப் புரட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே ஏதோ கேட்டார். உதடு தெரியவில்லை. என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். மனப்பாடம் செய்த பதிலும் நாக்கில் இருந்தது. 'ஆமா சார், பாட்டுதான்.' சொல்லியிருந்தால் மறுநாள் காலை முதல் ட்ரிப்பில் நான் இருந்திருப்பேன்.

பின் சக்கரம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"சார், நீங்க கேட்டது எனக்குக் கேக்கலை" என்றேன்.

அவர் இன்னும் சத்தமாகக் கேட்டார் போலிருக்கிறது. கலியபெருமாள் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்பவும் கேக்கலை சார். பாட்டு இல்ல சார் அது. எனக்குக் காது போயிடுச்சு. தகரத்தத் தட்டுனா கேக்காது. என்னைய வண்டியில ஏத்தாதீங்க."

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார்.

வேறு வேலைக்கு எழுதிப்போட்டிருக்கிறார்கள். இன்னும் வரவில்லை. பாதிச் சம்பளம், பாதி நம்பிக்கை என்று போகிறது. சர்டிபிகேட் வாங்கி, இலவச மெஷினுக்குக் காதை அளவெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஹெட்செட் வீட்டில்தான் இருக்கிறது. சாயங்காலம் மகள் வீடியோவில் பேசும்போது மாட்டிக்கொள்வேன். அதற்கு அது தங்கமான சாமான், குறை சொல்ல மாட்டேன்.

போன வாரம் குத்தாலம் கடைத்தெருவில் அஞ்சலை அம்மாவைப் பார்த்தேன். கட்டுப் பிரித்துவிட்டார்கள், ஆனால் கூடையை இடது கையால்தான் தூக்குகிறார். நேரே போய் நின்றேன். இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அன்னிக்குப் பாட்டு இல்லம்மா. எனக்குக் காது கேக்காது."

கூடையைக் கீழே இறக்கி வைத்தார். நகர்ந்து என் முகத்துக்கு நேராக வந்து நின்றுகொண்டு, மலர்க்கொடி பேசுவது போலவே ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"அத மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எறங்கினதும் போவலாம்னு நான் கையக் காட்டியிருப்பேன்ல தம்பி."